வெல்டிங் மெஷினில் தொங்கிய உங்கள் பெயர்

அன்புள்ள என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காகப் புதிதாக வேறு எதுவும் வரவில்லை. இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்று நம் பவித்ராவிடம் போனில் சொன்னதும், "அப்பாவுக்கு எழுதறத ஊரே படிக்கணுமாம்மா?" என்று கேட்டாள். படிக்கட்டும். நம் டவுன்ஷிப்பில் எத்தனை வீட்டில் ரிப்பேருக்குப் போன மைக்ரோவேவ் அடுப்பு இன்னும் திரும்பி வராமல் இருக்கிறதோ, யார் கண்டார்கள்?

உங்களுக்கு ஒரு தகவல் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தெரிவித்தே ஆக வேண்டும். அது உங்கள் நிலக்கரி மைன்ஸ் வழக்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன். நேரே அதற்குப் போய்விட்டால் நடுவில் உங்களைத் திட்ட இடமில்லாமல் போய்விடும்.  

முதலில் அடுப்பு. "பண்ருட்டியில ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன், பார்ட்ஸ் மெட்ராஸ்லேருந்து வரணும்" என்றீர்கள். வாராவாரம் கேட்டேன். "வந்துக்கினு இருக்குது" என்று வாராவாரம் சொன்னீர்கள். என் தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த அடுப்பு. பால் சுட வைப்பதற்கும் அப்பளம் சுடுவதற்கும் தவிர நான் அதை வேறு எதற்கும் தொடவில்லைதான். அதற்காக அதன் வயிற்றைக் கிழிப்பார்களா?

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறேன். சனிக்கிழமை, சாமான்களை முத்தாண்டிக்குப்பத்தில் நாம் கட்டிய வீட்டுக்கு முதல் நடை ஏற்றிப் போக, உங்கள் தம்பி ஏழுமலை குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் போனதிலிருந்து பின்வாசல் தகர ஷெட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. உள்ளே உங்கள் வியர்வைச் சட்டை ஆணியில் தொங்கும் என்று தெரியும். அதைப் பார்க்கத் தெம்பில்லை. "அத மட்டும் நீயே ஒழிச்சிடு தம்பி" என்று ஏழுமலையை அனுப்பிவிட்டு நான் அடுக்களைப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணீ, இங்க வாங்க! அண்ணன் இன்னாத்தையோ பண்ணி வெச்சிக்கினு இருந்திருக்குது பாருங்க!"

போய்ப் பார்த்தேன். சட்டை தொங்கத்தான் செய்தது. ஆனால் அதைப் பார்த்து அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் பழைய ரெயின்கோட்டை விலக்கிவிட்டு ஏழுமலை ஒரு பலகையைக் காட்டினார். அதன் மேல் செம்புக் கம்பி சுற்றிய இரண்டு இரும்புக் கட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. மேலே இருந்ததில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு கேபிள் நுழைந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன் இரண்டு முனைகளிலும் செம்புக் கூர். கூர்களைத் தாங்க இரண்டு இரும்புக் கைகள், அவற்றை அமுக்க ஒரு பிடி. அந்தப் பிடி என் பழைய கிரைண்டருடையது. பக்கத்தில் இருந்த சுவிட்ச், போன தீபாவளிக்கு எரிந்துபோய்விட்டது என்று நீங்கள் தூக்கிப் போட்ட மிக்ஸியுடையது. என் அடுக்களையே அங்கே வேறு வேஷத்தில் உட்கார்ந்திருந்தது.

மூலையில் என் மைக்ரோவேவ் கூடாக நின்றது. அதன் பக்கத்தில் இன்னொரு கூடு. அது யார் வீட்டுடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பழைய இரும்புக் கடையில் வாங்கியிருப்பீர்கள். உள்ளே சுழலுமே ஒரு கண்ணாடித் தட்டு, அதில் ஆணிகளைப் போட்டு வைத்திருந்தீர்கள். நான் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாயடைத்துப் போய் நின்றேன் என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். என் வாய் அடைத்ததை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?

ஏழுமலைக்கு ஒரே குஷி. "வெல்டிங் மெஷினு அண்ணி! போன்ல பாத்துக்கினுதான் இருக்கேன், இதே மாதிரி வூட்லயே செய்றானுங்க. இப்பிடி நடுவுல தகரத்த வெச்சி அமுக்குனா புடிச்சிக்கும். மாட்டுக் கொட்டாய்க்கு ஒரு தகரக் கதவு போடணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அண்ணன் எனக்காவவே செஞ்ச மாதிரி இருக்குது" என்றபடி ஒயரை எடுத்துப் பிளக்கைச் சொருகினார். இடது கையால் அந்த இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கை சுவிட்சுக்குப் போனது.

அப்போதுதான் பார்த்தேன். பிளக்கின் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்று கட்டித் தொங்கியது. 'ஆபத்து. ஆள் வேலையில். சுவிட்சைப் போடாதே.' கீழே உங்கள் கையெழுத்தில் உங்கள் பெயர்.

"கைய எடு தம்பி! டேக் தொங்குது!" என்று கத்தினேன். கையிலிருந்த கண்ணாடித் தட்டு விழுந்து ஆணிகள் தரையெல்லாம் சிதறின. ஏழுமலை பயந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"இன்னா அண்ணி இப்பிடிக் கத்துறீங்க? சீட்டுதான? கடக்காரன் மாட்டி வெச்ச சீட்டுன்னு நெனச்சேன்."

அந்த மெஷினில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து நான் கத்தவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் பெயர் போட்ட டேக் தொங்கும்போது இன்னொருத்தர் சுவிட்சைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை உங்களோடு குடும்பம் நடத்தியே தெரிந்துகொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். மைன்ஸில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டை நிறுத்தி அதற்குள் ஆள் இறங்கி வேலை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவர் கதி அதோகதி. அதனால் இறங்குகிறவர் தன் பெயர் எழுதிய டேக்கைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். வேலை முடிந்து வெளியே வந்து, மாட்டிய ஆளே அதைக் கழட்ட வேண்டும். எப்பேர்ப்பட்ட அதிகாரியானாலும் அடுத்தவர் டேக்கில் கை வைக்கக்கூடாது.

நீங்கள் வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டுவந்தீர்கள். ஃபேன் துடைத்தால் டேக். டியூப்லைட் மாற்றினால் டேக். நான் செய்யாத கேலியா? ஒருநாள் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல், விளையாட்டுக்கு உங்கள் டேக் ஒன்றில் என் பெயரை எழுதி அடுக்களைக் கதவில் மாட்டிவிட்டுப் படுத்தேன். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் கதவைப் பார்த்தீர்கள். சத்தமில்லாமல் கேன்டீனுக்குப் போய் இட்லி வாங்கி வந்தீர்கள். வெளியே நின்றுகொண்டே, "அஞ்சல, ஒரு சொம்பு தண்ணி மட்டும் மொண்டுக்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து வந்து அதைக் கழட்டும்வரை நீங்கள் அடுக்களைக்குள் கால் வைக்கவே இல்லை.

இன்னொரு நாளும் நினைவிருக்கிறதா? மைன்ஸில் டேக்கைக் கழட்ட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் போன் செய்தார். உங்கள் பெயரைச் சொல்லி, "ஆள் வீட்டுக்கு வந்துட்டாராம்மா?" என்றார். "குளிச்சிக்கினு இருக்காருங்க" என்றேன். "கண்ணால பாத்தீங்களா?" "பாட்டு கேக்குதுங்களே" என்றேன். "பாட்டெல்லாம் வேணாம்மா, கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று பிடிவாதமாக நின்றார். சோப்பு நுரையோடு உங்களை வெளியே வரவழைத்துப் பார்த்த பிறகுதான், "பாத்துட்டேங்க" என்றேன். அதற்குப் பிறகும், டேக்கைக் கழட்டப் போகிறோம் என்று உங்களிடம் நேரே சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். ஆளுக்குத் தெரிவிக்காமல் கழட்டக்கூடாதாம்.

ஏழுமலைக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் குடும்பத்தில் மைன்ஸுக்குப் போனது நீங்கள் ஒருவர்தான். அவர் முந்திரிக்காட்டோடு நின்றுவிட்டவர். பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லிவிட்டு உங்கள் குமரவேலுக்குப் போன் போட்டேன். கன்வேயர் செக்ஷனில் நீங்கள் மெக்கானிக்கல், அவர் எலக்ட்ரிக்கல். ஷிஃப்ட் பஸ்ஸில் இத்தனை வருஷமாக ஒரே சீட்டு. திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்தும் அவருடைய 'மதினி' மட்டும் மாறவில்லை. ஷெட்டில் ஒரு மெஷின், அதில் உங்கள் டேக், யார் கழட்டுவது என்று கேட்டேன். 

"யாரும் தொட்டியளா?"

"ஏழுமலை சுவிட்சப் போடப் போச்சு. நான்தான் கத்தினேன்."

"தொடாதிய மதினி. ஒருத்தரும் உள்ள போவாதிய. இந்தா வாரேன்."

செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.  வந்ததும் ஏழுமலையைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்தினார். அப்புறம் ஷெட் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ரெண்டும் அடுப்புக்குள்ள இருந்து எடுத்த டிரான்ஸ்பார்மரு மதினி. மேல இருக்குறது சரியாத்தான் இருக்கும். பழைய காயிலை அறுத்து எடுத்துட்டு கேபிள் சுத்தினது. அதுல வாறது ரெண்டு மூணு வோல்ட்டுதான், தொட்டாலும் ஒண்ணும் செய்யாது. தகரத்தைத்தான் உருக்கும். கீழ இருக்குறதுல பழைய காயிலை இன்னும் அறுக்கலை. அதுல வாறது ரெண்டாயிரம் வோல்ட்டு. ரெண்டுக்கும் ஒரே பிளக்கு."

உலர்ந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கீழ்க்கட்டியிலிருந்து வந்த ஒரு மெல்லிய ஒயரின் முனையைத் தொட்டுக் காட்டினார். அது இரும்புக் கையின் மேல் சாய்ந்து கிடந்தது. ஏழுமலை பிடித்திருந்த அதே கை.

ஏழுமலை தன் இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துவைக்கும் கல்லில் பொத்தென்று உட்கார்ந்து, "அண்ணன் என்னியும் கூட்டிக்கினு போவப் பாத்துச்சே அண்ணி" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார்.  அவருக்கு மூன்று பிள்ளைகள். அந்தச் சுவிட்ச் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் அவர்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? உங்களைத் தூக்கிய அதே வாசலில் இன்னொரு தடவையா?

தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குமரவேல் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் நின்றுகொண்டே, கீழ்க் காயில் அறுக்கவில்லை என்று சொன்னார். குனிந்துகூடப் பார்க்கவில்லையே?

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் மூங்கில் குச்சியை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டார். நான் விடவில்லை. உங்களுக்குத் தெரியும், நான் விட மாட்டேன்.

"அன்னைக்குக் காலைல பஸ்ல சொன்னாரு மதினி" என்றார் கடைசியில். "சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. 'ரெண்டாவது டிரான்ஸ்பார்மரக் கீழ சேத்துட்டேன், அதுல காயில இன்னும் அறுக்கல. நேத்து சாயங்காலம் அந்த அடுப்பு என்னத் தூக்கிக் கடாசிடுச்சிடா குமரவேலு'ன்னாரு. பிளக்கைப் பிடுங்கி, டேக் மாட்டி, ஒழுங்காத்தான் செஞ்சிருக்காரு. ஆனா அந்த அடுப்புக்குள்ள கண்டென்சர் இருக்குல்லா. ஃபேனுக்குப் போடுவோமே, அதுக்குப் பெரியண்ணன். பிளக்கைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்குக் கரண்ட்டைப் பிடிச்சி வச்சிருக்கும். மைன்ஸ்ல அதையெல்லாம் நாங்க முதல்ல எர்த் பண்ணி இறக்கிருவோம். அதுக்கப்புறம்தான் இவங்க ஆளுங்க டேக் மாட்டி இறங்குவாங்க. எங்க வேலை அவருக்குத் தெரியாது. டேக் மாட்டியாச்சு, இனிமே பயமில்லைன்னு விரலை வச்சிட்டாரு."

'அன்னைக்கு' என்றால் எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அன்று மதியம்தான் நீங்கள் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பையோடு நம் பிளாக் முனையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். சர்க்கரை இருந்தது, வயசும் ஆச்சு, கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் இந்த மூன்று மாதமாக அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு படுத்தேன், எழுந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் ஷெட்டிலிருந்து வந்து சேரில் உட்கார்ந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முகம் வெளிறியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தீர்கள். வலது கை விரலில் கறுப்பாக ஒரு பொட்டு. என்ன என்று கேட்டேன். "தோசக்கல்லு சுட்டுடுச்சு" என்றீர்கள்.

ஏங்க, நீங்கள் எந்தக் காலத்தில் தோசை சுட்டீர்கள்? தோசைக்கல் நம் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கும் என்றாவது உங்களுக்குத் தெரியுமா? கட்டிய பெண்டாட்டியிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா? அதைவிடக் கூத்து, நான் நம்பினேன். நம்பி, தீப்புண் மருந்தைத் தேடி எடுத்து வந்து ஊதி ஊதித் தடவியும் விட்டேன். நீங்கள் சும்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"அந்த அடிதான் அவர..." என்று ஆரம்பித்தேன். 

"டாக்டர்ட்ட அன்னைக்கே தனியாக் கேட்டேன் மதினி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனிமே சொல்ல முடியாதுன்னுட்டாரு. உங்கள்ட்ட எந்த வாயால சொல்ல? பஸ்ல வச்சே நான் சத்தம் போட்டேன். போய் ஒரு ஈசிஜி எடுங்கண்ணேன்னேன். 'ஷிஃப்ட் முடியட்டும்டா'ன்னாரு. நான் வந்து பாக்குற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். சாயங்காலம் வாரதா இருந்தேன்."

"அப்புறமும் வர்லியே? இந்தப் பேய உள்ள வெச்சிக்கினு நான் மூணு மாசமா இந்த வூட்ல படுத்திருக்கேனே?"

"டேக் தொங்குது, யாரு தொடப் போறான்னு இருந்துட்டேன் மதினி."

பாருங்கள், இவரும் உங்களைப் போலத்தான். அட்டை மாட்டியாயிற்று என்று நீங்கள் விரலை வைத்தீர்கள். அட்டை தொங்குகிறது என்று இவர் நிம்மதியாக இருந்துவிட்டார். மைன்ஸ் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை இது. "எங்கொழுந்தன் மைன்ஸ் ஆளா? அதுக்கு அது கடக்காரன் சீட்டு!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவரைத் திட்டும்போதே, உங்களுக்குச் சேர வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு? இந்த எழவு மெஷின் அவருக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"பீரோவுக்கு மதினி" என்றார்.

என் பீரோ. காடாம்புலியூரிலிருந்து என் அப்பா மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய சீர் பீரோ. அடித்தகரம் துரு பிடித்து இற்றுப்போய், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காலி செய்யும்போது இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நீங்கள் சொல்லப் போய், நான் நாலு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். வெல்டிங் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, மெல்லிசு தகரம், நெருப்பு வைத்தால் ஓட்டை விழும் என்று போய்விட்டார். "ஓட்ட வுழாம ஒட்டறதுக்கு வழி இருக்குது, நான் பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் சொல்கிற நூறு 'நான் பாத்துக்கறேன்'களில் அதுவும் ஒன்று என்று நான் மறந்துவிட்டேன்.

ஏழுமலையும் குமரவேலும் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். பின்பக்கம் கீழே, இடது மூலையில், பழைய தகரத்தோடு புதுத் தகரப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் வரிசையாக, பொட்டு வைத்தது போல, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். நான் எங்கோ கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போன நாளில் மெஷினை உள்ளே தூக்கி வந்து செய்திருக்கிறீர்கள். ஓட்டை விழவே இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். வலது மூலை அப்படியே இற்றுப்போய்க் கிடந்தது. அங்கே தகரம் கொஞ்சம் கனம், ஒரு டிரான்ஸ்பார்மர் போதவில்லை, அதனால்தான் இரண்டாவது அடுப்பு வாங்கினார் என்றார் குமரவேல். தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரமும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மூச்சு முட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அந்தக் கீழ்ப்பெட்டியை இன்னைக்கே உடைச்சிப் போட்டுருவோம் மதினி" என்று குமரவேல் ஷெட்டுக்குத் திரும்பினார். மெஷின் அருகே போனவர் நின்றுவிட்டார். பிளக் தரையில் கிடந்தது. உங்கள் டேக் அதன் கழுத்தில் அப்படியே இருந்தது. ஒரு முடிச்சுதான், அவிழ்த்துவிடலாம். அவர் கை போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டின ஆள் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பேரைக் கேப்போம். ஆள் வெளிய வந்துட்டாரான்னு கேப்போம், கண்ணால பாத்தவங்க சொல்லணும். அப்புறம் அந்த ஆளுக்குத் தகவல் சொல்லிட்டுக் கழட்டுவோம்."

"கேளுங்க."

"வேண்டாம் மதினி..."

"வழக்கப்படி கேளுங்க. அவரு டேக்கு. மொறையாத்தான் கழட்டணும்."

குமரவேல் நேராக நின்றார். செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். ஏழுமலையும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"டேக்குல பேரு?"

அட்டையில் எழுதித்தான் இருந்தது. அவரும் படிக்கலாம். ஆனால் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும்கூட நான் எழுதிக் காட்டித் தப்பித்த பெயர். நீங்கள் விழுந்த அன்றைக்கு ஓடி வந்தபோதும் 'என்னங்க, என்னங்க' என்றுதான் கத்தினேன்.

"கலியமூர்த்தி" என்றேன்.

குமரவேல் அடுத்ததைக் கேட்டார். "ஆள் வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"கண்ணால பாத்தது யாரு?"

"நான் பாத்தேன்."

பார்த்தேன்தானே? பிளாக் முனையில் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் பார்த்தேன், நடுக்கூடத்தில் கிடத்தியபோது பார்த்தேன். அந்த விரலில் நான் தடவிய மருந்து காய்ந்து ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். இத்தனையும் பார்த்தும் உங்கள் முதல் ஷிஃப்ட் பஸ் நம் பிளாக் முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும்போது தினமும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் இல்லை என்று டிரைவருக்குத் தெரியாமல் இல்லை. கை பழகிவிட்டது, பாவம்.

"டேக் கழட்டுறத ஆளுக்கு யாரு தெரிவிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் குமரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் சொல்லிடறேன்" என்றேன்.

முடிச்சை நானே அவிழ்த்தேன். பழக்க தோஷம், நீங்கள் எதையும் இரண்டு முடிச்சாகத்தான் போடுவீர்கள், அவிழ்க்க நேரமாயிற்று. குமரவேல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கண்டென்சரை எர்த் செய்தார். கீழ்க்கட்டியின் காயிலை இருவருமாக உளியால் வெட்டி எடுத்தார்கள். மேல்கட்டியை வைத்துப் பீரோவின் மறு மூலையையும் தான் ஒட்டித் தருவதாகக் குமரவேல் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு செங்கல் வைத்துக்கொள்வேன். ஏழுமலையின் மாட்டுக் கொட்டகைக் கதவைக் கடைக்காரரே செய்யட்டும்.

எனக்குக் கேட்க இன்னும் இருக்கிறது. தோசைக்கல் என்று சொன்னபோது நெஞ்சு வலித்ததா? வலித்தும் சொல்லாமல் இருந்தீர்களா? 'அந்தச் சாயங்காலமே உண்மையைச் சொல்லியிருந்தால்' என்று தொடங்கி நான் தினமும் எவ்வளவு தூரம் போய்வருகிறேன், தெரியுமா? பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

இப்போது தகவல். உங்கள் பெயரில் தொங்கிய டேக் சனிக்கிழமை பகலில், குமரவேலும் உங்கள் தம்பியும் பார்த்திருக்க, கழட்டப்பட்டது. பிளக்கை வெட்டியாகிவிட்டது. அந்த மெஷினில் இனி யாரும் கை வைக்க மாட்டார்கள். வேலை பாதியில் நிற்கிறதே என்று நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. உங்களைக் கேட்காமல் கழட்டியது தப்புதான். கேட்க முடிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேனா?

பீரோவை என்னோடு கொண்டு போகிறேன். நான் இருக்கும்வரை அதைப் பழைய இரும்புக்குப் போட விட மாட்டேன், இது சத்தியம். முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் இனி ஒரு பல்பு மாற்றுவதாக இருந்தாலும் குமரவேல் மாதிரி விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுத்தான் மாற்றுவேன், இதுவும் சத்தியம். நாளைக்கு அந்தப் பஸ் வந்து ஹாரன் அடித்தால், வெளியே போய் டிரைவரிடம் நானே சொல்லிவிடுகிறேன், கலியமூர்த்தி வரமாட்டார் என்று.

இப்படிக்கு,
கண்ணால் பார்த்தவள்,
உங்கள் சம்சாரம்
அஞ்சலை